கறுத்துப்போன காமெலியா

அன்புள்ள சண்முகம்,

உன்னிடமுள்ள பழைய சீனப் பூ ஓவியங்களை எடுத்து நீ அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து ஒரே தொகுப்பு, ஆறாவது வேறு ரகம்.

முதலில், அந்த ஐந்தும் வரையப்பட்ட தாளுக்கு ‘அரிசித் தாள்’ என்ற பெயரை விட்டுவிடு. விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அரிசிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தென்சீனாவிலும் தைவானிலும் வளரும் தோங்சாவ் செடியின் தண்டுக்குள் இருக்கும் மென்மையான சோறு அது, நம் ஊர் நெட்டி மாதிரி. சோற்றைக் குச்சியால் தள்ளி எடுத்துக் காயவைத்து, கத்தியோடு ஒட்டி உருட்டிக்கொண்டே சீவினால் சுருளாக ஏடு வரும். தண்டின் பருமன்தான் ஏட்டின் அளவைத் தீர்மானிக்கும். அதனால் 30 செ.மீ. தாண்டியவை அபூர்வம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து 10 மடங்கு லென்ஸில் பார். நார் தெரியாது, தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஈரத் தூரிகை பட்டதும் அந்த அறைகள் உப்பிவிடும். இதழ்கள் தாளை விட்டுப் புடைத்து நிற்கும் அழகு அங்கிருந்துதான் வருகிறது.

வெள்ளைக் காமெலியாப் பூவில் இருக்கும் கறுப்பைப் பூஞ்சை என்று எழுதியிருக்கிறாய். பூஞ்சையாக இருந்தால் கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கும். இது இதழ்க்கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்துச் சிவப்பு மொட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அது ஈய வெள்ளை, அதாவது ஈயத்திலிருந்து செய்த வெள்ளை நிறமி. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டுப்பட்டு ஈய சல்பைடாகிக் கறுத்திருக்கிறது. சாதாரணத் தாளாக இருந்தால், கைதேர்ந்த ஓவியப் பராமரிப்பாளர் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதை வெள்ளை ஈய சல்பேட்டாக மாற்றுவார். சோற்று ஏட்டில் ஈரம் பட்டாலே ஆபத்து. தயவுசெய்து நீயாக எதையும் தடவாதே.

ஓரத்து விரிசலுக்குக் காரணம் ஏட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்த நீலப் பட்டு நாடா. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது ஏடு விரிந்து சுருங்கப் பார்க்கும், நாடா விடாது. பிளவு நாடாவின் விளிம்பிலிருந்தே தொடங்கும். பாரம் வைத்து நிமிர்த்த முயன்றால் நொறுங்கிவிடும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற அட்டைக்குள், ஓவியத்தின் மேல் கண்ணாடி உரசாத ஆழம் விட்டு, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்கும் அலமாரியில் கிடையாக வை.

ஆறாவதுதான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஐரோப்பியத் தாள், பூவுக்குக் கீழே மகரந்தத் தாள்களும் குறுக்கே வெட்டிய சூலகமும் தனியாக வரையப்பட்டிருக்கின்றன. கடையில் வாங்கிப்போகிறவர்களுக்கு வரைந்ததில் இது இருக்காது, தாவரவியல் தெரிந்த ஒருவர் கேட்டு வாங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பரிசோதகர் ஜான் ரீவ்ஸ் 1812 முதல் 1831 வரை காண்டன் (இன்றைய குவாங்சோ), மக்காவ் பக்கம் இருந்தபோது சீன ஓவியர்களிடம் இப்படித்தான் வரைந்து வாங்கி, லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு அனுப்பினார். அதற்காக ரீவ்ஸ் பெயரை உடனே ஒட்டிவிடாதே. மற்றவர்களும் வரையச் சொல்லியிருக்கிறார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, ‘வாட்மன்’ என்ற ஆங்கிலேயத் தாள் தயாரிப்பாளரின் நீர்க்குறியும் ஆண்டும் இருக்கிறதா பார். இருந்தால், ஓவியம் அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பது மட்டும் உறுதி. தாள் கப்பலேறிப் போய்ப் பல ஆண்டு கழித்தும் வரைந்திருக்கலாம்.

பின்பக்கத்தில் சீன எழுத்து ஏதும் இருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. செடியின் உள்ளூர்ப் பெயராக இருக்கலாம்.

அன்புடன்,
ராமநாதன்