ஆங்கிலச் சொற்களை அசை பிரித்துப் படிக்கும் பயிற்சி: பெற்றோருக்குக் கடிதம்

ஏற்காடு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆங்கிலச் செய்தி வாசித்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘கம்ஃபர்டபிள்’ என்ற சொல்லை ‘காம், ஃபோர்ட், டேபிள்’ என்று துண்டு துண்டாகப் படித்துவிட்டு, மற்றவர்கள் சிரித்ததும் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டான். அவன்மீது குற்றமில்லை. நீண்ட சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வைத்த நாங்கள், எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்பதைச் சொல்லித்தரவில்லை. ஆகவே வரும் திங்கள் முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கியுள்ளோம்.

தமிழில் ஒரு சொல்லின் அசைகளை, அதாவது ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் வரும் ஒலித்துண்டுகளை, ஏறத்தாழ ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ நீண்ட சொல்லின் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, அதன் அக்கம்பக்கம் தேய்ந்துவிடும். அம்மாணவனைத் தடுக்கிவிட்ட சொல்லின் கடைசியில் ‘டேபிள்’ என்று எழுதியிருந்தாலும், அழுத்தம் முதலிலுள்ள ‘கம்’மில் விழுவதால் அது வெறும் ‘டபிள்’ ஆகிவிடுகிறது. நீங்கள் அன்றாடம் புழங்கும் பிளான்டேஷன், ரிஜிஸ்ட்ரேஷன் போன்ற, ‘ஷன்’ என முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையே ஓங்கும்: ‘டே’, ‘ட்ரே’. விகுதி மாறினால் அழுத்தமும் இடம் மாறக்கூடும். எலெக்ட்ரிக்கில் ‘லெக்’கில் இருப்பது, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’க்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

குறளைச் சீர், அசையாகப் பிரித்து அலகிடும் பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காமார் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: இந்த அசை யாப்பிலக்கண அசை அன்று. ‘மலர்’ யாப்பில் ஒரே நிரையசை. இந்தக் கணக்கில் ம, லர் என இரண்டு. எங்கள் தமிழாசிரியர் இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னார்.

ஆங்கிலம் தெரியாதே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை, இதற்குக் காது போதும். பிள்ளை தன் புறங்கையை மோவாயின்கீழ் வைத்துச் சொல்லை நிதானமாகச் சொல்லட்டும். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ, பெரும்பாலும் அத்தனை அசை. பிறகு எந்த அசை ஓங்கியது என்று கேளுங்கள், அதன்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு மூன்று சொல் போதும். புள்ளி தவறான இடத்தில் இருந்தாலும் அழிக்க வேண்டாம். மறுநாள் வகுப்பில் அகராதியைப் பார்த்து அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இதற்கென நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திங்களன்று கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்