புது நெட்வொர்க் கார்டு வாங்கும் முன் பூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி ஆய்வகங்களில் கம்ப்யூட்டர்கள் திணறுவது பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகமான நெட்வொர்க் போட்டால் சரியாகிவிடும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். இதே வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறவன் சொல்கிறேன், பல நேரம் அது தண்டச் செலவு.

எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. மாணவர்கள் அறுபது பேரும் லாகின் செய்வது 48 கோர் உள்ள ஒரே லினக்ஸ் மெஷினில், ஃபைல்கள் எல்லாம் இன்னொரு சர்வரில், நடுவில் என்எஃப்எஸ், அதாவது இன்னொரு மெஷினில் இருக்கும் ஃபைலை நெட்வொர்க் வழியாகத் திறக்க வைக்கும் முறை. செய்முறைத் தேர்வன்று எல்லாரும் ஒரே நேரத்தில் ப்ரோக்ராமை ஓட்டியதும் ஸ்க்ரீன் அப்படியே நின்றுவிட்டது. முன் வரிசையில் ஒரு பெண் என்டர் தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்வொர்க்தான் காரணம் என்று 10 ஜிகாபிட் கார்டு வாங்கினார்கள், அடுத்த தேர்விலும் அதே கதை.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். சிபியு சும்மா கிடக்கிறது, லோடு (ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் எண்ணிக்கை) மட்டும் ஐம்பதைத் தாண்டி நிற்கிறது, ப்ராசஸ் எல்லாம் டி நிலையில், அதாவது எதற்கோ காத்துக்கொண்டு. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் ஸ்டேக்கைத் திறந்தால், அத்தனையும் காத்திருப்பது ஒரே டைரக்டரியின் ரைட் லாக்குக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்றம் செய்யவிடும் பூட்டுக்கு! நாங்கள் கொடுத்திருந்த ஸ்கிரிப்ட் எல்லாருடைய தற்காலிக ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் உருவாக்கிக்கொண்டிருந்தது. லினக்ஸில் ஒரு டைரக்டரிக்குள் புது ஃபைல் உருவாக்கும்போது அதன் பூட்டை ஒரு ப்ராசஸ்தான் பிடிக்க முடியும். லோக்கல் டிஸ்க்கில் இது தெரியவே தெரியாது, என்எஃப்எஸ்ஸிலோ சர்வருக்குப் போய்ப் பதில் வரும்வரை பூட்டு கையிலேயே இருக்கும். பதிலுக்கு 2 மில்லி விநாடி ஆனால் விநாடிக்கு 500 ஃபைல், அவ்வளவுதான், எத்தனை கோர் இருந்தாலும். பந்தியில் பத்துப் பேர் பரிமாற நிற்க, இருக்கிற ஒரே சாம்பார் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஒருவர் சமையல்கட்டுக்குப் போய்விட்டால் எப்படியோ, அப்படி.

ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றி ஆளுக்கொரு ஃபோல்டர் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

இது புது நோயும் இல்லை. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் என்எஃப்எஸ் க்ளையன்ட்டை (சர்வரிடம் ஃபைல் கேட்கும் பக்கத்தை) சோதித்தபோது, லினக்ஸின் மையமான கெர்னல் முழுவதற்கும் இருந்த ஒரு பெரிய பூட்டைப் பிடித்தபடியே அது டேட்டாவை நெட்வொர்க்கில் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அனுப்பும் நேரத்துக்குப் பூட்டை விட்டார்கள், காத்திருக்கும் ரிக்வெஸ்ட்டை நீளமான லிஸ்டில் தேடாமல் நேராக இடத்தைக் காட்டும் ஹேஷ் டேபிளில் தேட வைத்தார்கள். இப்படிப்பட்ட திருத்தங்களாலேயே, கேஷில் (முதலில் மெமரியில்) எழுதும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் போனது. ஒரு கார்டும் மாற்றவில்லை, எழுதியிருந்த கோடைப் பொறுமையாகப் படித்ததுதான். அந்தப் பெரிய பூட்டு முழுசாக ஒழிய 2011, கெர்னல் 2.6.39 வரை ஆனது. 2016இல் வந்த கெர்னல் 4.7இல் ஒரே டைரக்டரிக்குள் பலரும் ஒரே சமயத்தில் ஃபைலைத் தேட வழி வந்தது. உருவாக்குவதும் அழிப்பதும் மட்டும் அப்போதும் ஒவ்வொருவராகத்தான், எங்களைக் கடித்தது அதுதான்.

உண்மையிலேயே நிறைய டேட்டா போகிற இடம் என்றால் 2019இல் கெர்னல் 5.3இல் வந்த என்கனெக்ட் என்ற ஆப்ஷனை மவுண்ட் செய்யும்போது, அதாவது சர்வர் ஃபோல்டரை மெஷினோடு இணைக்கும்போது, போட்டுப் பார்க்கலாம். ஒரே டிசிபி இணைப்பில் எல்லாரும் முட்டிக்கொள்ளாமல் 16 வரை பிரித்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஆனால் ஒன்று, ஒரு சர்வரிலிருந்து முதலில் மவுண்ட் செய்தபோது கொடுத்த இணைப்பு எண்ணிக்கைதான் செல்லும், அதனால் அந்த சர்வரின் மவுண்ட் எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன்.

எங்கள் கார்டுக்குப் போன பணம் மாணவர்கள் கட்டிய ஃபீஸ். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை கல்லூரிகள் கொட்டேஷன் கேட்கப் போகின்றனவோ. தயவுசெய்து இந்தக் கடிதத்தை அதே பக்கத்தில் போடுங்கள்.

கல்லூரி ஆய்வக சிஸ்டம் அட்மின்,
திருச்சி