மூலை வீட்டு மக்சிக்கும் ஆகஸ்ட் மாதமும்

ஈசூன், சிங்கப்பூர்
ஏப்ரல் 2026

அடியே சரசு,

சித்திரைப் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பாதி உன் பேச்சு, பாதி டைகரின் குரைப்பு. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டி மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. சின்னவள் வேலை மாறி சாங்கி பக்கம் போகிறாள். எங்கள் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் அப்படியே, வாயும் அப்படியே. நலம் விசாரிப்பு முடிந்தது.

இத்தனை நாள் வாயே திறக்காமல் இருந்தவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுத்தில்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். டைகரைக் கூட்டிக்கொண்டு இங்கே உன் மகன் வீட்டில் வந்து தங்க முடியாது. வீவக வீட்டில், அதான் அரசாங்க அடுக்குமாடியில், ஒரு நாய்தான், அதுவும் அவர்கள் பட்டியலில் இருக்கும் 62 சின்ன இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். உன் டைகருக்கு அப்பன் யார் என்று அதன் அம்மாவுக்கே தெரியாது. கலப்பு நாய்க்கு இங்கே இடமே இல்லை என்று சொல்லவில்லை. 2012இல் வந்த 'அடோர்' திட்டத்தில் வீவக வீட்டிலும் வளர்க்கலாம். ஆனால் அது இங்கே விலங்குநல அமைப்புகள் தத்துக்கொடுக்கும் நாய்களுக்கு. நாயைப் பயிற்சி வகுப்புக்கு வேறு கூட்டிப்போக வேண்டும். டைகர் வகுப்புக்குப் போனால் வாத்தியார் வேலையை விட்டுவிடுவார். இதெல்லாம் போக, சிங்கப்பூரில் 1953இலிருந்து ரேபிஸ் கிடையாது. அதைக் கட்டிக்காக்க வேண்டுமென்று வெளியிலிருந்து வரும் நாய்க்குத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனியே அடைத்து வைப்பது என்று ஏகப்பட்ட கெடுபிடி. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம் என்று நினைக்காதே. அவன் மலேசியாவில், ஈப்போவிலேயே மகாராஜாவாக இருக்கட்டும், நீ மட்டும் வா.

இப்போது நம்ம மூலை வீட்டு மக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா.

பயப்படாதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்குப் போனேன், ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் வைத்து மூச்சு முட்ட வைத்தார். கவலை அவருடைய பூனைகளைப் பற்றி. நீ இருந்தபோது அந்தக் குண்டு பூத்தே ஒன்றுதான். இப்போது ஆறு. 2015, 2016இல் நம்ம ஈசூனில் வரிசையாகப் பூனைகள் செத்துக் கிடந்தனவே, செய்தியைப் பார்த்துவிட்டு நீகூட அழுதுகொண்டே கூப்பிட்டாய், அப்போதுதான் புளோக்குக்குக் கீழே வாய்டு டெக்கில் கிடந்தவற்றை மக்சிக் ஒவ்வொன்றாக மேலே தூக்கிவர ஆரம்பித்தார். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டிய பூனைகள்தான் முக்கால்வாசி. கிழடு தட்டி சில போய்ச் சேர்ந்தன, அந்த இடத்துக்கு வேறு வந்தன. ஓயென் என்று ஒரு மஞ்சள் பயல் இருக்கிறான், முழு ரௌடி. என் பூனை கறுப்பாயியைக் கதவுக் கம்பி வழியாகவே வம்புக்கு இழுப்பான்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் திருட்டுக் குடித்தனம். 1989இலிருந்து வீவக வீட்டில் பூனையே கூடாது. முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசிங்கம் பண்ணும், ராத்திரியில் கத்தும் என்று காரணம் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "என் தம்பியைப் பற்றி இவர்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? 4,000 வெள்ளி வரை அபராதம் என்பார்கள். ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் ஆள் வரும், நம்ம புளோக்கில் யாரும் கொடுக்க மாட்டோம். 2012 அக்டோபரில் சோங் பாங்கில் மட்டும், அமைச்சர் சண்முகம் தொகுதியில், சோதனைத் திட்டம் என்று பூனையை அனுமதித்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் சட்டப்படி பூனை, இந்தப் பக்கம் வந்தால் குற்றவாளி. மக்சிக் அதற்கு வைத்த பெயர் 'கூச்சிங் மெந்திரி', அமைச்சர் பூனை. இன்றைக்கும் சோங் பாங் சந்தைப் பக்கம் ஒரு பூனையைப் பார்த்தால் சலாம் போடுவார்.

அப்புறம் 2024 செப்டம்பர் 1ஆம் தேதி எல்லா வீவக வீட்டுக்கும் அனுமதி வந்தது. வீட்டுக்கு இரண்டு பூனை. தனியார் வீடென்றால் நாயும் பூனையும் சேர்த்து மூன்று. பூனைக்கு மைக்ரோசிப் போட்டு உரிமம் எடுக்க வேண்டும், வளர்ப்பவர் இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும், பூனை மாடியிலிருந்து விழாமலும் வெளியே சுற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறுவதற்கு இரண்டு வருஷ அவகாசம். இந்த ஆகஸ்ட் 31 வரை உரிமம் இலவசம்.

எங்கள் வீட்டில் கறுப்பாயிக்கும் மணிக்கும் அப்போதே எடுத்தாயிற்று. அவர்தான் சிங்பாஸ் என்கிற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து பாடத்தில் உட்கார்ந்தார். "பிள்ளை பெத்தப்போ எவனும் பரீட்சை வைக்கல, பூனைக்கு வைக்கிறான்" என்று புலம்பிக்கொண்டேதான். முடித்ததும் பெரிய டாக்டர் மாதிரி மணியின் பல்லைத் திறந்து பார்த்துக் கடி வாங்கினார். இனம் என்ற இடத்தில் 'டொமெஸ்டிக் ஷார்ட்ஹேர்' என்று வந்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஜன்னல் முழுக்க அவரே வலை அடித்தார், கேபிள் டை போட்டுக் கோணல்மாணலாக. துணிக் கழியை வெளியே நீட்டும் இடத்தை மறந்து அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

சரி, விஷயம் இதுதான். மக்சிக்கிடம் ஆறில் ஒன்றுக்குக்கூட உரிமம் இல்லை.

பெருநாளன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தாக் பாயா லா", அதெல்லாம் வேண்டாம் என்று கையை உதறினார். ரெண்டுதானே விடுவார்கள், பேரைக் கொடுத்தால் மிச்சம் நாலையும் தூக்கிப் போய்விடுவார்கள் என்கிறார். அப்படி இல்லை, கணக்குக்கு மேலே இருந்தாலும் இப்போது கையில் இருக்கும் பூனை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், ஆகஸ்ட் 31க்குள் விண்ணப்பித்தால் போதும் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் இரண்டுக்கு மேல் கூடாது, உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னொரு துண்டு ரெண்டாங்?" என்றார்.

சிப் மேலும் நம்பிக்கை இல்லை. அதை வைத்துப் பூனை எங்கே போகிறது என்று ஆபீசிலிருந்தே பார்ப்பார்களாம். அரிசி மணி அளவு இருக்கும், இரண்டு தோளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசியால் போடுவார்கள், அதில் பேட்டரியே கிடையாது, கருவியைக் கிட்டே பிடித்தால் ஒரு எண் காட்டும், அவ்வளவுதான் என்று மணியைத் தூக்கிப்போய்க் காட்டினேன். தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. "பார்த்தியா, நல்லா ஒளிச்சு வெச்சிருக்கான்" என்கிறார்! வருமானம் குறைந்த வீடென்றால் கருத்தடையும் சிப்பும் இலவசமாகவே செய்து தருகிற திட்டம் இருக்கிறது என்று நான் வாயைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. அந்தப் பேச்சை நீ எடுக்கவே எடுக்காதே.

மக்சிக்கின் பேத்தி நல்ல பெண். சிங்பாஸ், பாடம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். ஆக, தடை அங்கே இல்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்த மக்சிக் மெதுவாகச் சொன்னார்: "பாக்கியம், 2003 மறந்துபோச்சா?"

மறக்குமா, சரசு? சார்ஸ் தொற்றுநோய் சமயத்தில் ஊரெல்லாம் தெருப்பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனார்களே. பூனையால்தான் பரவுகிறது என்று ஒரு ஆதாரமும் இல்லாமலேயே. காலையில் வண்டி வந்து நின்றது, மத்தியானம் நம்ம புளோக்குக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. மக்சிக் சோறு போட்டு வளர்த்த கூனிங்கும் போயிற்று. நீ ஒருத்திதான் சந்தைத் தள்ளுவண்டியில் கீரைக்கட்டுக்கு அடியில் ஒரு குட்டியைப் போட்டு மூடிக்கொண்டு, லிஃப்டில் ஆள் ஏறினால் இருமிக்கொண்டே மேலே கொண்டுவந்தாய். சார்ஸ் நேரத்தில் இருமல்! லிஃப்டே காலியாகிவிட்டது. அந்தக் கீரையைப் பார்த்து உன் மாமியார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்தக் குட்டிதான் பூத்தே. ஒளித்து வைத்ததால் பிழைத்தது, வெளியே தெரிந்ததெல்லாம் செத்தது. மக்சிக் அன்றைக்குக் கற்றது அது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாடம் அவரை ஒருநாளும் கைவிடவில்லை. இப்போது நான் போய், இனி ஒளித்தால்தான் ஆபத்து, பேரைக் கொடுத்தால்தான் பத்திரம் என்று சொல்கிறேன். எப்படி நம்புவார்? விளம்பரத்திலெல்லாம் சிரித்த முகத்தோடு ஒரு இளம் ஜோடி, மடியில் சாம்பல் நிறப் பூனை. அந்த ஜோடி முதல் நாளே பதிந்திருக்கும், அவர்களைப் பற்றி யாருக்குக் கவலை? அதிகப் பூனை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் பயப்படுகிறவர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது.

இரண்டு என்ற கணக்கு எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்பாய். யார் வீட்டில் எத்தனை என்பது மண்பெட்டியை எத்தனை தடவை அள்ளுகிறாய் என்பதைப் பொறுத்தது. அந்த மாடிக்கோடியில் ஒற்றைப் பூனை வீட்டில் அடிக்கிற நாற்றம் மக்சிக் வீட்டில் அடிக்காது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்றறை வீட்டில் ஆறு என்பது அதிகம்தான். மழை நாளில் கதவைச் சாத்தியிருக்கும்போது போனால் எனக்கே மூச்சை இழுத்துப் பிடிக்கத் தோன்றும். மக்சிக்குக்கும் இடுப்பு முன்போல் வளைவதில்லை. வரைமுறை வேண்டும் என்பவர்கள் எல்லாரையும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாய்க்கு ரொம்ப நாளாக இருக்கிற முறைதானே இது. கருத்தடை ஆன நாய்க்கு வருஷத்துக்கு 15 வெள்ளி, ஆகாததற்கு 90. எதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

என் பயம் வேறு. நீ இருந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கெட்டவர்கள் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை என்னிடம், "ஆன்ட்டி, அந்த வீட்டில் எத்தனை இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். நான் கண் தெரியாதவள்போல நடித்தேன். எத்தனை நாள் நடிப்பது? உரிமம் இருந்தாலும் புகார் வரலாம், அப்போதும் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஆனால் கையில் உரிமம் இருந்தால் பேச ஒரு இடம் இருக்கும். செப்டம்பரில் அதுவும் இல்லாமல், ஆறு பூனையோடு, யாராவது கதவைத் தட்டினால்? எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்று அந்த மனுஷியை நிற்கவைத்து யாராவது கேட்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதனால் நீ பேசு. நான் பக்கத்து வீட்டுக்காரி, என் பேச்சு தினம் கேட்கிற பேச்சு. நீ பூத்தேயைக் கொண்டுவந்து கொடுத்தவள். உன் மலாயும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், எனக்குக் கோபம் வந்தால் பாதி தமிழ் கலந்துவிடுகிறது. எடுத்த எடுப்பில் உரிமம் என்று ஆரம்பிக்காதே. ஓயெனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதைக் கேள், அரை மணி நேரம் சொல்வார். 2003ஐ நீயே எடு. கூனிங்கை ஏற்றியபோது அது என் பூனை என்று மக்சிக் எவ்வளவு கத்தியும், அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களே, அதை ஞாபகப்படுத்து. நான் சொன்னால் குத்திக்காட்டுவதுபோல இருக்கும், நீ சொன்னால் அழுவார், ஆனால் கேட்பார். அத்தாட்சியைத்தான் இப்போது கொடுக்கிறார்கள், அதுவும் காசு வாங்காமல்.

சிப் போட ஆறையும் ஒரே நாளில் கொண்டுபோக முடியாது. முதலில் சாதுவான இரண்டைக் கொண்டுபோகலாம் என்று பேத்தியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். கூடை என்னிடம் இருக்கிறது, டாக்சிக்கு எங்கள் வீட்டுக்காரர் வருவார். ஓயெனைப் பிடிக்க மட்டும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். ஜூன் விடுமுறையில் நீ வருவதாக இருந்தால் பழைய தள்ளுவண்டி ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மக்சிக்கைக் கூப்பிடு. சாயங்காலம் நாடகம் பார்ப்பார், எடுக்க மாட்டார். இஷா தொழுகை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் என்றால் நிதானமாகப் பேசுவார். மக்சிக்கின் எண் மாறிவிட்டது, புதியதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பேசி முடித்ததும் எவ்வளவு நேரமானாலும் எனக்குக் கூப்பிடு.

உன்
பாக்கியம்