மறு கன்னமும் பி.எஃப். பணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்தவர்கள் அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டும், கோர்ட் கேஸ் என்று அலையக் கூடாது என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாசித்ததும் எங்கள் சித்தி ஞாபகம்தான் வந்தது.

சித்தி ஒரு கிறிஸ்தவ விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். மாதாமாதம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்ததாகச் சம்பளச் சீட்டில் இருக்கிறது, மகன் போனில் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் பல மாதங்களுக்குப் பணமே ஏறவில்லை. கேட்கப் போனபோது, "மறு கன்னத்தைக் காட்டுங்கன்னு ஆண்டவர் சொல்லலையாம்மா" என்றாராம் பொறுப்பாளர். அடி வாங்கியவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டிய வசனத்தை அடித்தவரே எடுத்துக் கொடுப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

சரி, அந்த வசனத்தைச் சொன்ன இயேசுவே கன்னத்தில் அறை வாங்கியபோது என்ன செய்தார்? பைபிளில் யோவான் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்கிறாய் என்று ஒரு சேவகன் அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தப்பென்றால் எது தப்பென்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கிறார்.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுலும் அப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் கூடப்போன ஊழியர் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் (கைதிகளின் காலைப் பூட்டும் மரக்கட்டை) மாட்டி வைக்கிறார்கள். ராத்திரி பாட்டுப் பாடுகிறார்கள், தற்கொலை செய்யப்போன சிறைக்காவலனைத் தடுத்துக் காப்பாற்றுகிறார்கள் (இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும்). விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பிப் போகச் சொன்னபோது பவுல் நகர மறுக்கிறார். ரோமக் குடிமக்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, அவர்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்களும் பயந்து போய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். இந்தப் பாதியைத்தான் யாரும் பிரசங்கிப்பதில்லை.

விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடக் கூடாது என்று அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதே இடத்தில், சகோதரருக்குள் தீர்த்து வைக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்றும் கேட்கிறார். சித்தி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார், போதகரிடமும் சொன்னார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எங்கே போவது? பவுலே கடைசியில் ரோமப் பேரரசனான இராயனிடம்தானே அப்பீல் போனார்.

மன்னிப்பு வேறு, வழக்கு வேறு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு பையன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார், கணவர் ஊழியம் செய்த பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகள் இல்லத்தையும் தொடர்ந்து நடத்தினார். அவர் மன்னித்தார் என்று வழக்கை யாரும் மூடிவிடவில்லை, முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விடுவது சட்டப்படி நம்பிக்கை மோசடி. சித்தி பி.எஃப். ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார். சபையில் சிலர் அவரோடு பேசுவதில்லையாம். அந்தப் பொறுப்பாளருக்காகவும் ஜெபிக்கிறேன் என்கிறார் சித்தி, எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.