செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரிலும் திரையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது; ஜூலையில் மட்டும் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது. செப்டம்பரில் மென்பொருள் விடுதலை நாளை எப்போதும்போல் கொண்டாடினோம். மீதி நேரத்தை, கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) உதவ வரும் புதிய பங்களிப்பாளர்களுக்கான இணையவழிப் பயிற்சிக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். சொதப்பியதும் பெரும்பாலும் அதில்தான்.

சனிக்கிழமை இரவு ஏழு மணி, ஜிட்சி என்ற இணையக் காணொளி அறையில். முதல் மூன்று வாரம் நான் உரையாற்றினேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்தது, 1991இல் லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு, 2005இல் லினக்ஸை எழுதிய அதே டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் கருவியை எழுதியது என்று வரிசையாக ஸ்லைடு போட்டேன். முதல் வாரம் திரை நிறைய முகங்கள். மூன்றாம் வாரம் பாதிக்கும் கீழே. ஒரு கல்லூரி மாணவிதான் வாயைத் திறந்தார்: "சார், வரலாறு யூட்யூப்ல இருக்கு. என் லேப்டாப்ல கிட் ஏறவே மாட்டேங்குது, அதைப் பாருங்க."

நான்காம் வாரம் உரையை நிறுத்திவிட்டோம். ஒருவர் திரையைப் பகிர்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள், அவரே தட்டச்சுவார். மவுஸை யாரும் பிடுங்கக் கூடாது என்பது ஒரே விதி. அதை அதிகம் மீறியவன் நான்தான்.

அந்த வாரங்களில்தான் எனக்கே உறைத்த ஒன்று: கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும்போது எல்லோரும் சொந்த முகவரியைக் கொடுக்கிறார்கள். அது ஒவ்வொரு கமிட்டிலும் (பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும்) ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் பார்க்கும் பொது ரெப்போவுக்கு (நிரல் களஞ்சியத்துக்கு) போய்விட்டால் பிறகு அழிப்பது பெரும்பாடு. இந்தக் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் நம் முகவரியை மறைத்து வேறொரு முகவரி தருகிறது. முதல் கமிட்டுக்கு முன்பே அதை அமைத்துவிட வேண்டும். இனி எந்தப் பயிற்சியும் இதிலிருந்துதான் தொடங்கும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்கு, முகவரி வெளியே தெரியுமா என்பதற்கு, இது பதில்.

என் தவறையும் பதிவு செய்ய வேண்டும். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டை (இருவர் ஒரே இடத்தில் செய்த மாற்றங்கள் மோதுவது) தீர்த்துக் காட்டுகிறேன் என்று பெருமையாக உட்கார்ந்து, பயிற்சி ரெப்போவின் மேல் ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டேன், அதாவது அங்கிருந்ததை அழித்து என் நகலை ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் எல்லோரும் சேர்த்தது ஒரே அடியில் போயிற்று. ஜிட்சியில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த மாணவியின் லேப்டாப்பில் முந்தைய நாள் இறக்கிய நகல் இருந்தது. கிட்டில் ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் இருக்கும் அல்லவா? அவர் அங்கிருந்து மறுபடி புஷ் செய்தார். ஒரு மணி நேரம் பேசி விளக்க நினைத்ததை அந்த விபத்து ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லப்போவதில்லை.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு லிப்ரேஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் தமிழாக்கத்தைக் கொடுத்தோம். வெப்லேட் என்ற இணையக் கருவியில் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்கலாம். சுலபமான வேலை என்று நினைத்தோம். அதுதான் அதிகம் சண்டை பிடிக்க வைத்தது.

"இந்தக் கோப்பை நீக்கவா?" என்று கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் வரும் இடத்தில் நிரல் ஒரு குறி போட்டிருக்கும். பெயர் பிறகு வந்து உட்காரும். அந்தக் குறியோடு 'ஐ' சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். பெயர் 'படம்' என்றிருந்தால்? படத்தை என்றல்லவா ஆக வேண்டும். 'வீடு' வந்தால் வீட்டை, 'கல்' வந்தால் கல்லை. என்ன பெயர் வரும் என்று தெரியாத சொல்லுக்கு வேற்றுமை உருபை எப்படி ஒட்டுவது? 'என்பதை' போட்டுத் தப்பிக்கலாம் என்றது ஒரு கட்சி. அது கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கிறது, "நீக்கப்படும் கோப்பு:" என்று பிரித்து எழுதுவோம் என்றது இன்னொரு கட்சி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அன்று இரவு பத்தரை வரை இருந்தார். நான் இரண்டாம் கட்சி.

பக்க எண்ணிலும் இதே கூத்து. ஆங்கிலத்தில் இப்போதைய பக்கம் முன்னால், மொத்தம் பின்னால். தமிழில் "10 பக்கங்களில் 3". குறிகளுக்கு வரிசை எண் போடாமல் சொற்களை மட்டும் மாற்றியதில், சோதனை ஓட்டத்தில் "3 பக்கங்களில் 10" என்று வந்து நின்றது. ஒருமை பன்மையில் வினையும் மாறும் என்பதை (நீக்கப்பட்டது, நீக்கப்பட்டன) எல்லோரும் ஒருமுறையாவது மறந்தார்கள்.

அடுத்து, ஆட்கள் கழன்றுகொள்ளும் இடம். கிட் கடினம் என்று போனவர்கள் குறைவு. வேலையை முடித்து அந்த மென்பொருளின் பராமரிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, பதிலே வராமல் மூன்று நான்கு வாரம் காத்திருந்து, "நம்மை மதிக்கவில்லை" என்று போனவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்தின் நிலைமையைக் காட்டவே ஒரு வகுப்பை எக்ஸ்இசட் விவகாரத்துக்கு ஒதுக்கினோம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் கோப்புச் சுருக்கக் கருவி எக்ஸ்இசட். பராமரித்தவர் கிட்டத்தட்ட தனி ஆள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் ஒழுங்காக உதவி செய்து நம்பிக்கை பெற்றார். முகம் தெரியாத வேறு சிலர், பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்று பராமரிப்பாளரை நெருக்கினார்கள். கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29இல் அதை வெளியிட்டார்.

"அப்போ எங்களையும் சந்தேகப்படுவாங்களா?" என்று கேட்டார்கள். கொஞ்சம் படுவார்கள், படத்தான் வேண்டும் என்றேன். சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற ஒரு மனிதர் அந்தப் பக்கம் இருக்கிறார். இப்போது இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு வரி நினைவூட்டுவது, அதற்குள் அடுத்த வழுவை (நிரல் பிழையை) எடுத்துக்கொள்வது என்று பழக்கியிருக்கிறோம்.

அக்டோபரில் யார் அதிகம் பங்களிக்கிறார்கள் என்று எண்ணிக்கைப் போட்டி வைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு நிராகரித்தது. அக்டோபர் மாதப் பங்களிப்பு விழாவான ஹாக்டோபர்ஃபெஸ்டில் 2020இல் டி-சர்ட்டுக்காக வெற்று புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) குவிந்து, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதி மாறிய கதை நினைவிருக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புவது பற்றியும் முடிவெடுத்தோம்: வகுப்பில் வரிக்கு வரி விளக்க முடியாததைச் சங்கத்தின் வழியாக யாரும் அனுப்பக் கூடாது. இதில் இருவருக்கு வருத்தம். பேசுவோம்.

அடுத்த ஆண்டுக்கு வேண்டியவை இரண்டு. பயன்படாமல் கிடக்கும் பழைய லேப்டாப் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்; கைபேசியில் மட்டுமே சேருகிறவர்கள் பார்வையாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். மேலும், சனிக்கிழமை இரவு என்னோடு உட்கார இன்னொரு ஆள் வேண்டும். ஜிட்சி அறையைத் திறக்க 2023 ஆகஸ்ட் முதல் உள்நுழைய வேண்டியிருக்கிறது. இப்போது என் கணக்கு மட்டும்தான். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் வகுப்பு நடக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளர் அவர்களை அழைக்கிறேன்.