460 கிராமில் தீரும் சண்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் சோப்பும் க்ரீமும் செய்து விற்பவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். மருந்தியல் படித்தவர், பட்டம் இல்லாதவர்கள் இதில் கைவைக்கவே கூடாது என்கிறார். தானாகவே கற்றுக்கொண்டவர், எங்கள் பாட்டி எந்தக் கல்லூரிக்குப் போனாள் என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டு கடிதத்திலும் ஒரு கிராம் கணக்குகூட இல்லை. இந்தச் சண்டை முடியாமல் இழுப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேங்காய் எண்ணெய் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று அதில் 5 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 500 கிராம் எண்ணெய்க்கு 86.9 கிராம். புதிதாகச் செய்பவர் என்ன செய்கிறார்? அளவு ஜாடியில் 500 மில்லி எண்ணெய் ஊற்றி, அதற்கும் அதே 86.9 கிராமைப் போடுகிறார். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அந்த 500 மில்லியின் எடை ஏறக்குறைய 460 கிராம்தான். அவ்வளவு எண்ணெயும் தீர்ந்துபோக 84.2 கிராம் காஸ்டிக் சோடாவே போதும். ஆக, எண்ணெய் மிஞ்ச வேண்டிய இடத்தில் 2.7 கிராம் காரம் மிஞ்சி நிற்கிறது. சோப் பார்வைக்கு வெள்ளையாக, கெட்டியாக, அழகாகவே இருக்கும். தேய்த்தவருக்குத்தான் எரியும்.

கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடா முழுத் தூய்மையாக இருப்பதில்லை, டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் சில தடவை இந்தத் தப்பு வெளியே தெரியாமல் போய்விடும். அப்படித் தப்பித்த தடவைகள்தான் மோசம், செய்முறை சரி என்ற நம்பிக்கையை அவை கொடுத்துவிடுகின்றன. தேடினால் 0.257 என்று இன்னொரு எண்ணும் கிடைக்கும். அது திரவ சோப்புக்குப் போடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் கணக்கு. அதைப் பார்த்துக் காஸ்டிக் சோடாவை நிறுத்துப் போட்டால் காரம் 40 சதவீதம் கூடிப்போகும். அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடாவைக் கரைப்பவர்களும் உண்டு. பாத்திரம் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

இவற்றைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, தெரிந்தவர் வாய் திறந்து சொன்னால் போதும். "அளவு தெரியாமல் இறங்காதீர்கள்" என்று அதட்டினால் கேட்பவருக்கு அது பொறாமையாகத்தான் காதில் விழும். "நீங்கள் ஊற்றிய 500 மில்லி 460 கிராம்தான்" என்றால் அன்றைக்கே தராசு வாங்கிவிடுவார்.

க்ரீம், லோஷன் விஷயம் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அதில் தண்ணீர் இருக்கிறது. 100 கிராம் லோஷனுக்கு நடைமுறையில் சரியாக வரும் ஒரு கணக்கு: தண்ணீர் 76 கிராம், கிளிசரின் 3, எண்ணெய் 13, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைக்கும் எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, கெட்டிப்படுத்தும் சீட்டைல் ஆல்கஹால் 2, கிருமி வளராமல் தடுக்கும் ப்ரிசர்வேட்டிவ் (பீனாக்ஸி எத்தனால் சேர்ந்தது) 1. எண்ணெய், வாக்ஸ், சீட்டைல் ஆல்கஹால் ஒரு பாத்திரத்திலும் தண்ணீர், கிளிசரின் இன்னொன்றிலுமாக இரண்டையும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிக் கலக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் வாக்ஸ் சட்டென்று உறைந்து குருணை குருணையாக நிற்கும். அடித்துக்கொண்டே ஆறவிட்டு, 45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ப்ரிசர்வேட்டிவைச் சேர்க்க வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு கிராமில். சமையலறைத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். திரையில் 1 என்று வந்தால் உள்ளே அரை கிராமும் இருக்கலாம், ஒன்றரையும் இருக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்தான், ஆனால் அழகான பாட்டிலுக்குச் செலவழிப்பவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள். இன்னும் சிலர் ப்ரிசர்வேட்டிவுக்குப் பதிலாக வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை உடைத்து ஊற்றுகிறார்கள். வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது.

சோடியம் பென்சோயேட் என்ற ப்ரிசர்வேட்டிவைப் போட்டுவிட்டோமே என்பவர்கள் பிஎச் பார்ப்பதில்லை. பிஎச் என்பது அமில, கார அளவைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். கிருமியைத் தடுப்பது அதில் பென்சோயிக் அமிலமாக மாறி நிற்கும் பங்குதான். பிஎச் 4.2 என்றால் பாதி அமிலமாக இருக்கும். 5.2இல் சுமார் 9 சதவீதம், 6.2இல் 1 சதவீதம். அதே பொடியை அதே அளவு போட்டும், ஒரு க்ரீம் மூன்று மாதம் தாங்கி இன்னொன்று மூன்றே வாரத்தில் பூஞ்சை பிடிப்பதற்கு இதுவே காரணமாகலாம். சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5க்குக் கீழே இறக்கினால்தான் போட்ட காசுக்குப் பலன். தோட்டத்துக் கற்றாழை, அரிசி கழுவிய தண்ணீர் என்று சேர்க்கச் சேர்க்க நுண்ணுயிருக்கு விருந்து கூடுகிறது. சருமக் க்ரீமுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6608, ஒரு கிராமில் 1000 நுண்ணுயிருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. லட்சம் இருந்தாலும் நிறமோ வாசனையோ மாறாமல் இருக்கக்கூடும். "மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்பது சோதனையே இல்லை.

பாட்டிக்கு வருகிறேன். பாட்டி க்ரீம் செய்யவில்லை. எண்ணெய் காய்ச்சினாள், குளியல் பொடி அரைத்தாள். இரண்டிலும் தண்ணீர் கிடையாது. கரிசலாங்கண்ணிச் சாற்றை ஊற்றிக் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கும்வரை இறக்கமாட்டாள். சந்தேகம் வந்தால் பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பாள். படபடவென்று வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். பொடிக்கான சரக்கை மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்துத்தான் அரைவைக்குக் கொடுப்பாள். இதைவிடச் சுருக்கமான தரக் கட்டுப்பாடு எனக்குத் தெரியாது. பாட்டியின் பெயரைச் சொல்லிக் கற்றாழை ஜெல் விற்பவர்கள் இந்தத் திரியை விட்டுவிட்டார்கள்.

படித்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இப்போதைய பி.ஃபார்ம் பாடத்திட்டத்தில் காஸ்மெடிக் சயின்ஸ் எட்டாம் பருவத்தில் வரும் விருப்பப் பாடம். அதை எடுக்காமலே பட்டம் வாங்கலாம். ஐம்பது கிலோ கலனில் வேலை பார்த்துப் பழகியவருக்கு 200 கிராம் செய்யும்போது வரும் தொல்லை தெரியாது. சின்னப் பாத்திரத்தில் சூடாக்கும்போதே தண்ணீர் ஆவியாகிக் கணிசமாகக் குறையும், அதைத் திரும்ப நிறுத்து ஊற்றாவிட்டால் க்ரீம் இறுகிவிடும். இதை நன்றாக அறிந்தவர்கள் வீட்டில் செய்பவர்கள்தான். தொழிற்சாலைகளும் தவறாத புனிதர்கள் அல்ல. பாரபென் என்ற ப்ரிசர்வேட்டிவ் வகை மேல் கிளம்பிய பயத்தைத் தணிக்காமல் "பாரபென் இல்லாதது" என்று அட்டையில் அச்சடித்து விற்றவர்களும் அவர்களில் உண்டு. பாரபென் இருந்த இடத்துக்குப் பல தயாரிப்புகளில் வந்த மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற ப்ரிசர்வேட்டிவை, 2013இல் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைடிஸ் சொசைட்டி அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் விடும் பூச்சுகளில் அது கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் தடை போட்டது. அதே சொசைட்டி 2019இல் பாரபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்று அறிவித்தது. இத்தனைக்கும் இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் யாரும் சமையலறையில் கற்றவர்கள் இல்லை.

சன்ஸ்க்ரீனில் மட்டும் நான் முழுக்க முழுக்கப் படித்தவர் பக்கம். ஜிங்க் ஆக்சைடு தூளைத் தேங்காய் எண்ணெயில் போட்டு அடித்தால் கண்ணுக்குத் தெரியாத திட்டுகளாகத்தான் நிற்கும், நடுவில் வெயில் நேராகத் தோலுக்குப் போகும். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எஸ்பிஎஃப், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் காண வேண்டிய எண். யாரும் வீட்டில் கணக்குப் போட்டு எழுத முடியாது. "பிஎச் 5.5 கையால் செய்த சோப்" என்ற விளம்பரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடாவில் செய்த சோப் காரமாகத்தான் இருக்கும், 5.5க்கு இறக்கினால் அது சோப்பாகவே நிற்காமல் கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்.

சட்டத்தையும் இருவரும் அரைகுறையாகவே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தனக்கும் வீட்டாருக்கும் செய்துகொள்வது வேறு. விற்பதற்குத் தயாரித்தால் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகு சாதனங்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகு சாதன விதிகளும் பொருந்தும், மாநில அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய சமையலறைக்கு அது கிடைக்காது. பட்டம்தான் எல்லாம் என்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதற்கு முன் பொருந்திய 1945ஆம் ஆண்டு விதிகளே, தயாரிப்பை மேற்பார்வை செய்பவருக்கு வேதியியல் ஒரு பாடமாக இருந்த இன்டர்மீடியட் (பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பு) தேர்ச்சி போதும் என்றன.

வாங்குபவர்கள் அட்டையில் உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவற்றைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் தண்ணீரோ கற்றாழையோ முதலில் இருந்து, கடைசிவரை ப்ரிசர்வேட்டிவின் பெயரே இல்லையென்றால், என்ன போட்டீர்கள், பிஎச் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். நோட்டைப் புரட்டி எண்ணைச் சொல்பவரிடம் தாராளமாக வாங்கலாம். "இயற்கையானதுங்க, ஒன்றும் ஆகாது" என்பவரிடம் வேண்டாம், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் அழகுக் குறிப்புப் பக்கத்தில் "கற்றாழை ஒரு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு இரண்டு ஸ்பூன், வைட்டமின் ஈ ஒன்று, பாட்டிலில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்" என்கிற மாதிரிக் குறிப்புகள் வருகின்றன. அளவைக் கிராமில் போடுங்கள். தண்ணீரோ சாறோ சேர்ந்த எதற்கும் "அன்றே பூசி, மிச்சத்தைக் கொட்டிவிடவும்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அழகு சாதனத் தயாரிப்புத் துறையிலுள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.