பிரபலங்களின் பெயர் தாங்கிய கிட்டார்கள்: மலையகத்தில் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். திருவிழா மேடை, தேவாலயப் பாடகர் குழு, கல்யாண வீட்டு இசைக்குழு என்று வாசிக்க இடமும் இருக்கிறது. முதலாவது நல்ல கிட்டாரை வாங்கும்போது இவர்களில் பலர் ஒரு ரொக் கலைஞரின் பெயர் பொறித்த ‘சிக்னேச்சர்’ மொடலையே தேடுகிறார்கள். விற்பனை விளம்பரங்களிலும் அந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கும்; வேறு விபரம் இருக்காது. ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அந்தப் பணத்தில் அடங்கியிருப்பதால், இக்கருவிகளைத் திருத்திக் கொடுப்பவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு கலைஞர் தன் விரலுக்கும் தன் மேடைக்கும் ஏற்பக் கேட்டு வாங்கிய மாற்றங்களே சிக்னேச்சர் கிட்டார். அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது அது. எந்த மாற்றம் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால், அது நம்முடைய குளிருக்கும் மழைக்கும் மின்சாரத்துக்கும் ஒத்துவருமா என்பதையும் கணித்துவிடலாம்.

ரொக் கலைஞர் எரிக் கிளப்டனின் பெயரில் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை (சுருக்கமாக ஸ்ட்ராட்) எடுத்துக்கொள்வோம். ஃபெண்டர் நிறுவனம் 1988இல் வெளியிட்டது. சுருதியை ஏற்றி இறக்க உதவும் நெம்புகோலான ட்ரெமோலோ கையை அவர் பாவிப்பதில்லை. ஆகவே அந்த மொடலில் ட்ரெமோலோ பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் அசையும் பாகம்) இருந்தாலும் அசையாதபடி பின்பக்கம் மரக்கட்டை வைத்து இறுக்கப்பட்டிருக்கும். நம்மவர்கள் பலர் இதைக் குறை என்று நினைத்து, பின் மூடியைக் கழற்றி அந்தக் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். நமது ஊருக்கு மிகவும் பொருத்தமான அம்சமே அதுதான். ஒரு கம்பியை வளைத்து வாசிக்கும்போது மற்றக் கம்பிகளின் சுருதி இறங்காது. பாட்டின் நடுவில் கம்பி அறுந்தாலும் மீதி ஐந்தும் சுருதியில் நிற்கும். மேடைக்கு இரண்டாவது கிட்டார் கொண்டுபோக வசதியில்லாத குழுவுக்கு இது பெரிய விடயம்.

சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டாரிலும் இதைச் செய்யலாம். பின்மூடியைக் கழற்றுங்கள். மூன்று ஸ்பிரிங் இருந்தால் ஐந்தாக்குங்கள். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குரூக்களையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துப் பாருங்கள். பிரிட்ஜ் தகடு உடலில் முழுவதும் படிந்ததும் நிறுத்துங்கள். பிறகு பிரிட்ஜுக்குக் கீழே தொங்கும் உலோகக் கட்டைக்கும், கிட்டாரின் வால்பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து, பலா அல்லது மஹோகனித் துண்டொன்றை இழைத்து, கையால் தள்ளினால் இறுக்கமாகப் போய் உட்காரும் அளவுக்குச் செய்து வையுங்கள். பசை வேண்டாம். சுத்தியலால் அடித்து ஏற்றவும் வேண்டாம், உடல் வெடிக்கும். மென்மையான பலகைத் துண்டு சில மாதங்களில் நசுங்கி இளகிவிடும் என்பதால் வைரமான மரமே நல்லது.

அதே கிளப்டன் மொடலில் மத்திய ஒலியை 25 டெசிபல் வரை உயர்த்தும் மின்சுற்று ஒன்று உண்டு. அதற்கு 9 வோல்ட் பெற்றரி வேண்டும். பெற்றரி செத்தால் கிட்டாரே ஊமையாகிவிடும். மெட்டாலிகா இசைக்குழுவின் கேர்க் ஹம்மெட்டின் ஈ.எஸ்.பி. மொடல்களில் வரும் ஈ.எம்.ஜி. பிக்கப்களும் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகங்கள்) பெற்றரியில்தான் இயங்குகின்றன. அவற்றில் பெற்றரி இறங்க இறங்க ஒலி கரகரத்து மெலிந்துகொண்டே போகும். ‘பிக்கப் எரிந்துவிட்டது’ என்று கொண்டுவரப்படும் கிட்டார்களில் முதலில் பார்க்க வேண்டியது பெற்றரியைத்தான். இவற்றின் ஜெக்கில் (கேபிளைச் செருகும் இடம்) மூன்று முனைகள் உண்டு. கேபிளைச் செருகும்போது பெற்றரியின் எதிர்முனை இணைந்து சுற்று இயங்கத் தொடங்கும். வாசித்து முடித்தபின் கேபிளைக் கழற்றாமல் சாத்தி வைத்தால் இரவு முழுக்கப் பெற்றரி ஓடிக்கொண்டிருக்கும். அல்கலைன் பெற்றரியே போடுங்கள். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதென்றால் அதையும் கழற்றிவிடுங்கள். ஈரக்காற்றில் கசிந்த பெற்றரி உள்ளே உள்ள வயர் முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

ஆகக் கூடுதலாகப் பணம் வீணாவது ஸ்டீவ் வை என்ற கலைஞரின் ஐபனேஸ் ‘ஜெம்’ வகையிலும் அதைப் பார்த்துச் செய்த மலிவுப் போலிகளிலும்தான். 1987இல் வந்த இந்தக் கிட்டாரில் உடலில் கைப்பிடித் துளை இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் நகக்கீறல் போலக் குடைந்த பள்ளம் இருக்கும். கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகளான 24 பிரெட்களில், கடைசி நான்கின் இடையிலுள்ள மரம் குழிவாக இழைக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளம் அலங்காரத்துக்கல்ல. ட்ரெமோலோவைக் கீழே அமுக்குவது மட்டுமன்றி மேலே இழுக்கவும் அவருக்கு இடம் வேண்டியிருந்தது. அதனால் பிரிட்ஜ் இரண்டு கத்திமுனைகளில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் கம்பிகளின் இழுவை, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுவை, இரண்டும் சமமாக இருந்தால்தான் சுருதி. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் கை ஓங்கி மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். கம்பியின் பருமனை 9ஆம் நம்பரிலிருந்து 10ஆம் நம்பராக மாற்றினால் பிரிட்ஜ் வால்பக்கம் தூக்கிக்கொள்ளும். மழைமாதத்தில் நெக் (கழுத்து) மரம் ஈரம் குடித்து வளைவு மாறினாலும் இந்தச் சமநிலை குலையும்.

இதைத்தான் வாங்குவேன் என்பவர்கள் கம்பி மாற்றும் முறையைச் சரியாகப் பழக வேண்டும். உடலுக்கும் பிரிட்ஜின் பின்பகுதிக்கும் இடையில் மடித்த துணியை வைத்து அது சரியாமல் தாங்குங்கள். தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் ‘நட்’டில் உள்ள பூட்டுகளை 3 மில்லிமீற்றர் அலன் சாவியால் இளக்குங்கள். பிரிட்ஜிலுள்ள நுண் சுருதித் திருகுகளை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அவற்றை முழுக்க இறுக்கிய நிலையில் நட்டைப் பூட்டினால் பிறகு சுருதி ஏற்ற இடமே இருக்காது. ஒரு கம்பியைக் கழற்றி, அதற்குப் பதில் கம்பியைப் போட்டு, சுருதிக்கு அண்மையில் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். புதுக் கம்பியின் குண்டு முனையை நறுக்கிவிட்டு, வெட்டிய முனையைப் பிரிட்ஜின் பூட்டுக்குள் நேராகச் செருகி இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் திருகின் புரி தேயும், உள்ளிருக்கும் சிறு கட்டையும் பிளக்கும். ஆறும் முடிந்தபின் கம்பிகளைக் கையால் இழுத்து நீட்டி, பல தடவை சுருதி சேர்த்து, பிரிட்ஜ் உடலுக்குச் சமாந்தரமாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். வால்பக்கம் உயர்ந்திருந்தால் பின்மூடிக்குள் உள்ள ஸ்பிரிங் தகட்டின் ஸ்குரூக்களை இறுக்குங்கள், தாழ்ந்திருந்தால் இளக்குங்கள். கடைசியாகத்தான் நட்டைப் பூட்ட வேண்டும்.

போலிகளில் கத்திமுனை மென்மையான கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டிருக்கும். சில மாதங்களில் முனை மழுங்கிவிடும். அதன்பிறகு எந்தச் சரிசெய்தலும் எடுபடாது. ட்ரெமோலோவை ஒருதரம் அமுக்கினால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. புதிய பிரிட்ஜ் வாங்கும் செலவு அந்தக் கிட்டாரின் விலையையே தொட்டுவிடும்.

யிங்வி மால்ம்ஸ்டீனின் ஸ்ட்ராட்டும் 1988இல் வந்ததுதான். அதில் பிரெட்போர்ட் (பிரெட்கள் பதித்த நெக்கின் மேற்பலகை) முழுவதும் பிரெட்களுக்கிடையே குழிவாக இருக்கும். விரலுக்கு மரமே தட்டாது. அழுத்தம் சற்றுக் கூடினாலும் சுருதி ஏறும் என்பதால் பழகுகிறவர்களுக்கு இது ஆகாது. அதைப் பார்த்து அரத்தால் தம் கிட்டாரைக் குடைந்துகொண்டவர்களுக்குப் புதிய நெக் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

லெஸ் போல் என்ற கலைஞரின் பெயரில் 1952இல் வந்த கிப்சன் லெஸ் போல், எலெக்ட்ரிக் சிக்னேச்சர் கிட்டார்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பிரபலத்தின் பெயர் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதன் முதல் வடிவத்தைப் பற்றி அறிவது நல்லது. நெக்கின் சாய்வு போதாமல் கம்பிகள் பிரிட்ஜ் தண்டின் கீழாகச் சுற்றப்பட்டன. உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கி வாசிக்க முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்ஜ் திருத்தப்பட்டது. ஆனால் இன்றும் தொடரும் பலவீனம் ஒன்றுண்டு. தலைப்பகுதி 17 பாகை பின்னால் சாய்ந்திருப்பதாலும், நட்டுக்குப் பின்னால், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டுக்காக மரம் குடையப்பட்டிருப்பதாலும், கீழே விழுந்தால் அந்த இடத்தில்தான் உடையும். துணிப் பையில் போட்டு பஸ்ஸின் பின்பெட்டிக்குள் தள்ளினால் மலைப்பாதை வளைவுகளில் அதற்கு உத்தரவாதமில்லை. பலகைப் பெட்டி வாங்குங்கள், அல்லது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தாலும் கைவிட வேண்டாம்: பிளவு நீளமாகவும் சுத்தமாகவும் இருந்தால் மரப்பசையை உள்ளே முழுக்கச் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும். சுப்பர் குளூ ஊற்றினவையும் ஆணி அடித்தவையும்தான் பிறகு திருத்த முடியாமல் போகின்றன.

போலி லெஸ் போல் எங்கும் நிறைந்திருக்கிறது. அசலில் தலையிலுள்ள மணி வடிவ மூடி இரண்டு ஸ்குரூக்களில் நிற்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று. நெக்கின் பின்பக்கம் தலைக்கருகே குறுக்காக ஒட்டுக்கோடு தெரிந்தால் அது கிப்சன் அல்ல. குறைந்த விலைக்கு நேர்மையான வழி வேண்டுமென்றால் கிப்சனுக்குச் சொந்தமான எபிபோன் இருக்கிறது; ஸ்லாஷின் பெயரிலும் டொனி அயோமியின் பெயரிலும் அவர்கள் தயாரிக்கிறார்கள். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த பிறகும் வாசித்த இடக்கைக்காரர் அயோமி. அவரது மொடல் இடக்கையினருக்கும் கிடைக்கிறது. நம்மூரில் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துச் சிரமப்படும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மலிவு வரிசையை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு பீ.ஆர்.எஸ். என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனம் நல்ல உதாரணம். கலைஞர் ஜோன் மேயரின் பெயரிலான சில்வர் ஸ்கை 2018இல் அமெரிக்கத் தயாரிப்பாக வந்தது. 2022இல் அதன் எஸ்.ஈ. என்ற மலிவு வடிவம் இந்தோனேசியாவில் தயாராகி வந்தபோது, பிரெட்போர்ட் வளைவின் ஆரையை 7.25 அங்குலத்திலிருந்து 8.5 அங்குலமாகக் கூட்டித் தட்டையாக்கினார்கள். கம்பியைத் தாழ்வாக வைத்து வளைத்து வாசிக்கப் பழகுகிறவருக்கு, எங்கள் கணிப்பில், மலிவானதே இலகு. மீதிப் பணத்தைத் திருத்துநரிடம் ‘செட்-அப்’ செய்வதற்கு ஒதுக்குங்கள். அளவுகளை நீங்களே சோதிக்கலாம்: முதல் பிரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசிப் பிரெட்டை விரலால் அழுத்தி, 8ஆம் பிரெட்டில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.25 மில்லிமீற்றர் போதும். 10ஆம் நம்பர் முதல் கம்பியின் துண்டு அதே பருமன்தான்; அது உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. நெக்கின் இரும்புத் தண்டை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது.

மின்சாரம்பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சில்வர் ஸ்கை போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப் கிட்டார்கள் இயல்பாகவே இரையும். அந்த இரைச்சலை நிறுத்த அம்ப் (அம்ப்ளிஃபயர்) பிளக்கின் எர்த் முனையை உடைக்கும் பழக்கம் உயிருக்கு உலை வைப்பது. பெரும்பாலான கிட்டார்களில் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக அம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத அம்ப்பில் கசிவு ஏற்பட்டால் கம்பியிலும் மின்சாரம் வரும். உதடு மைக்கில் பட்டால் உடல் வழியாகப் பாயும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது வழமை. சுள்ளென்று பிடித்தால் உடனே அம்ப்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பழைய லயன் வீடுகளில் எர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்னியலாளரைக் கொண்டு பார்த்த பின்பே அம்ப் பொருத்த வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த அம்ப்கள் 100 வோல்ட்டுக்கானவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்தக் கணமே உள்ளே எரியும்.

ஈரத்துக்கு வழி எளிது. 45 முதல் 55 வீத ஈரப்பதன் கிட்டாருக்கு நல்லது. மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவ மழையில் அது கனவுதான். வாசித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவை ஈரம் பிடித்ததும் மாற்றுங்கள். அடுப்படியில் உலர்த்துவது வேண்டவே வேண்டாம். நுவரெலியாப் பனியிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோனால் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரமாவது வைத்திருங்கள்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கிட்டார் விற்பனை விளம்பரங்களை ஏற்கும்போது கலைஞரின் பெயரோடு, தயாரித்த நாடு, தொடர் இலக்கம், பிரிட்ஜ் மிதப்பதா நிலையானதா, பிக்கப்புக்குப் பெற்றரி வேண்டுமா, அம்ப் சேர்த்து விற்றால் அது எத்தனை வோல்ட் என்ற விபரங்களையும் விளம்பரதாரரிடம் கேட்டுப் பெற்றுப் பிரசுரிக்க வேண்டும். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கிட்டார் திருத்தும் வாசகர்கள் சிலர்,
ஹட்டன், பண்டாரவளை.